நாற்பத்தாறாம் அட்டை

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுகிறேன். கர்த்தருடைய நாமத்தில் என்று தொடங்கினால் அந்த வரியோடு நீ கடிதத்தை மடித்து வைத்துவிடுவாய். அதனால் ஸ்தோத்திரத்தை எனக்குள் சொல்லிக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான்கு மாதமாக நான் போன் செய்தால் அத்தான்தான் எடுக்கிறார். "அவ டூட்டியில இருக்காம்மா" என்கிறார். மூன்றாவது தடவை அவர் அப்படிச் சொல்லும்போதே பின்னால் நீ அவரைச் சாப்பிடக் கூப்பிடுவது கேட்டது. பாவம், அவருக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. அவரை விட்டுவிடு. உன் கோபம் என்னோடு இருக்கட்டும்.

இப்போது எழுதுவது எனக்காக இல்லை. உன் மருத்துவமனையில் பிள்ளைகள் வார்டுக்குத் தலைமை நர்ஸாக இருக்கிறவளிடம் ஒரு யோசனை கேட்க.

இங்கே ஒரு பழைய சரக்குக் கிடங்கைக் கழுவி வெள்ளையடித்து உணவுக்கூடம் ஆக்கியிருக்கிறோம். ஞாயிறு தவிர தினமும் பதினொரு மணிக்குக் கதவு திறக்கும். நூற்று நாற்பது பிள்ளைகள். பேன் தொல்லை தாங்காமல் ஆண் பெண் எல்லோருக்கும் தலையை ஒட்ட வெட்டிவிட்டோம். வாசலில் ஆளுக்கொரு நீல அங்கி மாட்டிவிடுவோம், சாப்பிட்டதும் கழற்றி வாங்கித் துவைத்துவிடுவோம். கழுத்தில் நாடா கட்டி எண் போட்ட அட்டை. வீட்டுக்கு ஓர் அட்டைதான். வெளியே நிற்கிற கூட்டத்துக்கு எங்கள் அண்டா காணாது. அட்டை இல்லாமல் ஓர் ஈ உள்ளே வர முடியாது, வாசலில் நான் நிற்கிறேனே. இருபது வருடம் ஹாஸ்டல் வார்டனாக இருந்தவளுக்கு இது ஒரு வேலையா?

நாற்பத்தாறாம் அட்டைப் பெண்தான் என் கவலை. வயது ஆறு என்று பதிவில் இருக்கிறது. ஒருநாள் தவறாமல் வருகிறாள். கிண்ணத்தை வழித்துச் சாப்பிடுகிறாள். மற்ற பிள்ளைகள் நான்கு மாதத்தில் இரண்டு கிலோ, இரண்டரை கிலோ ஏறிவிட்டார்கள். இவள் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறாள். குணமும் அப்படித்தான். ஒருநாள் நேராக அண்டாவுக்குப் போய் எட்டிப் பார்த்து, தலையை ஆட்டி, "சரி, பரிமாறலாம்" என்பதுபோல் கையைக் காட்டுவாள். நம் ஊர்ச் சபையிலிருந்து வந்த சமையல் அண்ணன் அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பேர் வைத்துவிட்டார். மறுநாள் பார்த்தால் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பாள். "என்ன இன்ஸ்பெக்டர் அம்மா, இன்னிக்கு லீவா?" என்று அவர் கேட்டால் பயந்து என் பின்னால் ஒளிந்துகொள்வாள்.

எனக்கு இந்த ஊர்ப் பேச்சில் முப்பது வார்த்தை தெரியும். மொழி தெரிந்த டீச்சர் பிரசவத்துக்குப் போயிருக்கிறார். பிள்ளையிடம் என்ன செய்கிறது என்று கேட்கக்கூட முடியவில்லை. வயிற்றில் பூச்சியா, வேறு ஏதாவதா? நீ பார்க்காத பிள்ளையா? ஒரு வரி எழுது.

உன் தங்கை

ஜூன் 12

தங்கைக்கு,

கடிதம் வந்தது. அத்தானுக்காக நீ வக்காலத்து வாங்க வேண்டாம், அவர் நன்றாகவே இருக்கிறார்.

பிள்ளை விஷயம். இருமல் உண்டா, எத்தனை நாளாக? சாயங்காலத்தில் உடம்பு சுடுகிறதா? வயிற்றுப்போக்கு? கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா? கண்ணின் கீழிமையை இழுத்துப் பார், வெளுத்திருந்தால் எழுது. பூச்சி மருந்து கொடுத்தீர்களா, எந்தத் தேதியில்? எடை இயந்திரத்தின் மேல் ஐந்து கிலோ அரிசி மூட்டையை வைத்துப் பார். ஐந்து காட்டாவிட்டால் முதலில் இயந்திரத்துக்கு வைத்தியம் பார்க்க வேண்டும்.

"ஏறுவதும் இறங்குவதுமாக" என்று எழுதினால் எனக்கு ஒன்றும் புரியாது. எங்கள் வார்டில் இப்படி எழுதுகிற பெண்ணை நான் சும்மா விடமாட்டேன். என்றைக்கு எவ்வளவு என்று கிழமையோடு எழுது.

நூற்று நாற்பது பிள்ளைகளுக்கு மொட்டை அடித்து, ஒரே சட்டை மாட்டி, கழுத்தில் எண் கட்டியிருக்கிறீர்கள். பிள்ளைகளா, பார்சலா? இதைச் செய்யத்தான் இருபது வருட உத்தியோகத்தை உதறிவிட்டுக் கடல் தாண்டிப் போனாயா? நம் மருத்துவமனை வாசலில் வந்து நில். பசித்த பிள்ளை இங்கே இல்லையா? நீ கிளம்புகிற வாரம்தான் என்னிடம் சொன்னாய். அதுவும் சொல்லவில்லை, அறிவித்தாய்.

இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். எழுதிவிட்டேன், அடிக்க மனமில்லை.

எடையை அனுப்பு.

அக்கா

ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

பார்சலா என்று கேட்டாயே, அன்றைக்கு முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நல்லது. நீ திட்டுகிற அளவுக்கு இறங்கி வந்திருக்கிறாய்.

இருமல் இல்லை. காய்ச்சல் இல்லை. நெறி இல்லை. கண் கொஞ்சம் வெளுப்பு. பூச்சி மருந்து மே முதல் வாரம் எல்லோருக்கும் கொடுத்தோம். அரிசி மூட்டை ஐந்து கிலோ என்றால் ஐந்து கிலோதான் காட்டுகிறது.

வாரம் இரண்டு தடவை, திங்களும் வியாழனும் எடை பார்ப்போம். கடைசி மூன்று வாரத்தை எழுதுகிறேன். திங்கட்கிழமை பதினான்கு கிலோ இருநூறு கிராம், வியாழக்கிழமை பதின்மூன்று கிலோ நூறு. அடுத்த திங்கள் பதினான்கு முந்நூறு, வியாழன் பதின்மூன்று இருநூறு. அதற்கடுத்த திங்கள் பதினான்கு ஐந்நூறு, வியாழன் பதின்மூன்று முந்நூற்றைம்பது. முன்னால் உள்ளதும் இதே கதைதான். மூன்று நாளில் ஒரு கிலோவுக்கு மேல் எங்கே போகிறது, எப்படித் திரும்பி வருகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறேன்.

வேறு ஏதாவது விசேஷம் உண்டா என்று நீ கேட்பாய். ஒன்று உண்டு, ஆனால் நல்ல விஷயம். போன வாரம் புதன்கிழமை சிரித்தபோது மேல் முன்பல் விழுந்து ஓட்டையாக இருந்தது. சனிக்கிழமை அண்ணன் பாட்டுப் பாடிச் சிரிக்க வைத்தார், பார்த்தால் பல் இருக்கிறது! மூன்றே நாளில் முளைத்துவிட்டது. "எல்லாம் நம்ம கஞ்சிதான் சிஸ்டர். பருப்பும் முட்டையும் சேர்த்துப் போடுறேன்ல, பல்லு வராம என்ன செய்யும்?" என்று அன்றைக்கு முழுவதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

ஆனால் மாதம் ஒருமுறை நகரத்திலிருந்து வருகிற டாக்டர் அவள் எடைத் தாளைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். நுரையீரலில் ஏதோ இருக்கலாம் என்கிறார். ஜூலை பதினைந்து திரும்ப வருவார். அதற்குள் தேறவில்லை என்றால் பெரிய ஆஸ்பத்திரியில் தனி வார்டில் சேர்த்துவிடுவார்களாம். மூன்று மாதம். தாயைக்கூட உள்ளே விட மாட்டார்களாம். அந்தப் பிள்ளைக்கு வீட்டைத் தவிர என்ன தெரியும்? இந்த ஒரு மாதத்தில் நான் என்ன கொடுத்தால் தேறும் என்று சொல்.

இன்னொன்று. ஏன் கடல் தாண்டினேன் என்று கேட்டாய். அம்மா இருந்தபோது ஒருமுறை சொன்னேன், நீ எழுந்து போய்விட்டாய். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு சபைக்கூடத்தில் பாலும் ரொட்டியும் கொடுப்பார்களே. எனக்கு அப்பாவின் முகம் சரியாக ஞாபகம் இல்லை. அந்தப் பால் ஞாபகம் இருக்கிறது. டம்ளர் கை சுடும். சர்க்கரை அடியில் நிற்கும். யாரோ என் தலையைத் தடவினார்கள். அப்படி ஒரு டம்ளரை யாருக்காவது நான் கொடுக்க வேண்டும் என்று நாற்பது வருடமாக மனசில் கிடந்தது. இதில் உனக்கு என்ன கோபம்? வழியனுப்பக்கூட வரவில்லையே அக்கா. சபையில் எல்லோரும் "உங்க அக்கா எங்கே?" என்று கேட்டார்கள். நானும் அத்தான் மாதிரியே டூட்டியில் இருக்கிறாள் என்று சொன்னேன்.

உன் தங்கை

ஜூன் 26

தங்கச்சி,

உன் சமையல் அண்ணனுக்கு ஒரு சிலை வைக்கலாம். மூன்று நாளில் பல் முளைக்க வைக்கும் கஞ்சியில் நாலு வாளி எங்கள் மருத்துவமனைக்கும் அனுப்பச் சொல். பல் டாக்டரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம்.

பயப்படாதே. பிள்ளைக்கு நோயில்லை. அது ஒரு பிள்ளையும் இல்லை. இரண்டு பேர்.

திங்கட்கிழமை எடையை மட்டும் தனியாக எடுத்துப் படி. பதினான்கு இருநூறு, முந்நூறு, ஐந்நூறு. ஒழுங்காக ஏறுகிறாள். வியாழக்கிழமை எடையைத் தனியாகப் படி. அவளும் ஏறுகிறாள். திங்கள், புதன், வெள்ளி ஒருத்தி. செவ்வாய், வியாழன், சனி இன்னொருத்தி. அக்கா தங்கையாக இருக்கும். பல் விழுந்தவள் பெரியவள். ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டால் எந்தப் பிள்ளைதான் இரண்டரை கிலோ ஏறும்? நீங்கள் மொட்டை அடித்து, அங்கி மாட்டி, முகத்தைப் பார்க்காமல் அட்டையைப் பார்த்திருக்கிறீர்கள். வீட்டுக்கு ஓர் அட்டை என்றால் பிள்ளைகள் வேறு என்ன செய்யும்?

எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். எடையை வைத்துத்தான் என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கலாம். போடவில்லை.

நீ சொல்கிற அந்தக் கூடத்திலும் வீட்டுக்கு ஓர் அட்டைதான். அப்பா வேலை போய்ப் படுத்துக் கிடந்த வருடம். எனக்கு ஏழு, உனக்கு ஐந்து. அட்டை என் பேரில். நம் இரண்டு பேருக்கும் வெளியே போட்டுக்கொள்ள ஒரே கவுன். நான் குச்சி, நீ உருண்டை, உயரம் மட்டும் கிட்டத்தட்ட ஒன்று. ஒருநாள் கவுனையும் அட்டையையும் நான் மாட்டிக்கொண்டு போவேன். மறுநாள் உனக்கு மாட்டிவிட்டு, பின்வாசல் பக்கம் பாவாடையோடு நிற்பேன். இரண்டு மாதம் ஓடியது.

ஒருநாள் நீ பாலைக் குடித்துக்கொண்டே அங்கே பால் ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம், "எங்க அக்காவுக்கும் ஒரு டம்ளர் குடுங்க, அவ வெளிய நிக்கிறா" என்று சொல்லிவிட்டாய். அந்த அம்மா உன் தலையைத் தடவினாள். பிறகு வெளியே வந்து என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் நிறுத்தினாள். "ஏழு வயசுல இவ்வளவு ஏமாத்தா? நீ உருப்படுவியா?" என்று கேட்டு அட்டையை நாலாகக் கிழித்தாள். நீ சர்க்கரையை நக்கிக்கொண்டிருந்தாய். மறுநாள் பாலுக்கு அழுதபோது கூடத்தை மூடிவிட்டார்கள் என்று சொன்னேன். நம் அம்மாவுக்கும் அதைத்தான் சொன்னேன்.

அந்தப் பாலைத் தேடித்தான் நீ போகிறாய் என்றபோது என்னால் வழியனுப்ப வர முடியவில்லை. அந்த இடம் உனக்குப் பால், எனக்கு அந்தக் கிழிந்த அட்டை. அதை உன்னிடம் சொன்னால் உன் பாலையும் கெடுத்துவிடுவேன் என்று வாயை மூடிக்கொண்டேன். மூடின வாய் திட்டுவதற்கு மட்டும் திறந்தது.

போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை உன் நம்பரை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். தபாலையும் நம்பவில்லை. நாளைக்குப் புறப்படுகிற உங்கள் சபை ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இப்போது கேள். உன்னை எனக்குத் தெரியும். விதி என்றால் உனக்கு விதிதான். ஹாஸ்டலில் கேட் பூட்டின பிறகு வந்ததற்கு என் மகளையே வெளியே நிறுத்தியவள் நீ. அந்தப் பிள்ளைகளிடம் கத்தாதே. யாருக்கும் முன்னால் கேட்காதே. அட்டையை வாங்காதே. இன்னொன்று கொடு.

அக்கா

ஜூலை 6

அக்கா,

உன் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து படித்தேன். அதைப் பற்றி இப்போது எழுத முடியாது. எழுதினால் நனைந்துவிடும்.

நீ சொன்னது சரி. திங்கட்கிழமை வாசலில் அட்டையை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தேன். பல் ஓட்டை. செவ்வாய்க்கிழமை பார்த்தேன். பல் இருக்கிறது, காது சின்னது, வலது புருவத்தில் ஒரு தழும்பு. நான்கு மாதமாக நான் என்ன பார்த்துக்கொண்டிருந்தேன்? சமையல் அண்ணனிடம் சொன்னபோது கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "அப்போ பல்லு முளைக்கலையா?" என்று ஒரு நிமிடம் வருத்தப்பட்டார். அப்புறம், "பாதிநாள் பட்டினியா கெடந்துச்சா அந்தப் புள்ள? நான் வேற லீவான்னு கேலி பண்ணேனே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எங்களை இங்கே அழைத்துவந்த போதகரிடம் போனேன். "சிஸ்டர், இதுக்கு ரெண்டு அட்டை கொடுத்தா நாளைக்கு நூறு வீடு வந்து நிக்குமே, என்ன பண்ணப் போறோம்?" என்றார். அந்த விதியை எழுதிக் கொடுத்ததே நான்தான். என் எழுத்தை என்னிடமே காட்டினார். உன் கடிதத்தின் அந்தப் பக்கத்தை மட்டும் அவர் கையில் கொடுத்தேன். கொடுத்தது தப்பென்றால் மன்னித்துக்கொள். படித்து முடித்து, கண்ணாடியைத் துடைத்து, "கொடுங்க" என்றார்.

இதுவரை எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. கெடுத்தது நான்.

புதன்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தாள். அண்டாவை எட்டிப் பார்த்து உத்தரவு கொடுத்து உட்கார்ந்தாள். பக்கத்தில் போய்ப் புது அட்டையை மேசையில் வைத்தேன். அவளுக்குப் புரிய வேண்டுமே என்று இரண்டு விரலைக் காட்டினேன். நீ, இன்னொருத்தி, இரண்டு பேர் என்று. சிரித்துக்கொண்டுதான் காட்டினேன் அக்கா, சத்தியமாக. அவள் என் விரலைப் பார்த்தாள். ஸ்பூனைக் கிண்ணத்தின் பக்கத்தில் சத்தம் வராமல் வைத்தாள். கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றிப் புது அட்டையின் மேல் வைத்து, அங்கியைக் கழற்றி மடித்து வைத்து, ஓடிவிட்டாள். கஞ்சி அப்படியே இருந்தது.

வியாழன் வரவில்லை. வெள்ளி வரவில்லை. இன்று சனி, சின்னவள் நாள். வாசலில் ஒரு மணி வரை நின்றேன். இரண்டு பேருமே இல்லை. பாதிநாளாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இப்போது ஒருநாளும் இல்லை. நான் கிழிக்கவில்லை. ஆனால் கிழித்தமாதிரிதான் ஆகிவிட்டது. பதிவில் முகவரி என்று "பாட்டில் கழுவும் கொட்டகை" என்று மட்டும் இருக்கிறது. அப்படிக் கொட்டகை இங்கே ஆற்றோரம் முழுக்க இருக்கிறது.

ஜெபம் செய் என்று உன்னிடம் கேட்க எனக்கு வாயில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

உன் தங்கை

ஜூலை 15

அக்கா! என் அருமை அக்கா!

கிடைத்துவிட்டார்கள். இதை முதல் வரியில் எழுதிவிட்டுத்தான் மற்றது. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் கூடம் மூடியதும் கொட்டகை கொட்டகையாகப் போனோம். அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்த, நம் பேச்சு அரைகுறையாகத் தெரிந்த வாசல் பெருக்கும் அம்மா வழி காட்ட, நான் நடுவில், பின்னால் சமையல் அண்ணன் மூடி போட்ட வாளியில் கஞ்சியோடு. "நீங்க எதுக்கு அண்ணே, வெயில்ல?" என்றால், "புள்ளைங்க கெடச்சா வெறுங்கையோடவா நிப்பீங்க?" என்கிறார். ஒவ்வொரு கொட்டகையிலும் ஈரத்தரை, உடைந்த கண்ணாடி, குவியல் குவியலாகப் பாட்டில், முழங்கை வரை சலவைச் சோடா கலந்த தண்ணீரில் பெண்கள். புதன்கிழமை பதினோராவது கொட்டகையில் ஒரு தொட்டிக்குப் பின்னால் மொட்டைத்தலை ஒன்று எட்டிப் பார்த்து மறைந்தது.

தாய் ஓடிவந்தாள். என்னைவிட இருபது வயது சின்னவள். பிள்ளைகளைப் பின்னால் தள்ளிக்கொண்டு, ஈரக் கையைக் கூப்பிக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். "இனிமே அனுப்ப மாட்டாளாம், தண்டனை எதுவும் வேணாமாம்" என்று பெருக்கும் அம்மா கொச்சையாகச் சொன்னார். அக்கா, இத்தனை வருடத்தில் என்னைப் பார்த்து எத்தனையோ பேர் பயந்திருக்கிறார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அன்றைக்குப் போய்விட்டது.

முப்பது வார்த்தையில் ஒன்றும் வரவில்லை. அந்த ஈரத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து முதலில் சின்னவள் கழுத்தில் அட்டை மாட்டினேன். பிறகு பெரியவளுக்கு. தாய் இரண்டையும் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். "இதுல எது செல்லும்னு கேக்குறா" என்றார் பெருக்கும் அம்மா. "ரெண்டும் செல்லும்னு சொல்லுங்க. தினமும் செல்லும்." அதைக் கேட்டதும் அவள் அழுதாள், நான் அழுதேன், அண்ணன் வாளி மூடியைத் திறந்து, "ஆறிப் போகுது, ஆறிப் போகுது" என்று யாருக்கும் புரியாத பாஷையில் எல்லோரையும் விரட்டினார்.

இன்று டாக்டர் வந்தார். இரண்டு பேரையும் அவர் முன் நிறுத்தி, தாளை இரண்டாகப் பிரித்துக் காட்டினேன். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், சுத்தமாக இருக்கிறதாம். "நான் ஒரு மாசமா அட்டைக்கு வைத்தியம் பார்த்திருக்கேன்" என்று தன்னையே சொல்லிச் சிரித்துவிட்டு, ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் கிழித்துப் போட்டார். கிழிக்கிறதிலும் நல்ல கிழிப்பு உண்டு, பார்.

போதகர் விதியை மாற்றிவிட்டார். இனி வீட்டுக்கு ஒன்று இல்லை, வாய்க்கு ஒன்று. விசாரித்தால் இன்னும் ஒன்பது அட்டைகளில் இதே கதை. அண்டா காணாதே என்று, "கஞ்சியைக் கொஞ்சம் நீர்க்க விடலாமா?" என்று கேட்டுவிட்டேன். "என் கஞ்சியில தண்ணியா? ரெண்டாவது அடுப்பு மூட்டுறேன், கைக்கு ஆள் குடுங்க" என்று அண்ணன் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. பிள்ளைகளின் அம்மாக்கள் நாலு பேர் காலையில் வந்து காய் நறுக்குகிறார்கள். அதில் இந்த இரண்டு பேருடைய அம்மாவும் ஒருத்தி.

ஒன்று மட்டும் உன்னிடம் கேட்க வேண்டும். கண்டுபிடித்ததற்கு மறுநாள், வியாழக்கிழமை, சின்னவள் வந்தாள். பெரியவளைக் காணோம். வெளியே போய்ப் பார்த்தால், கூடத்துச் சுவர் ஓரமாக முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், கழுத்தில் அட்டையோடு. கூப்பிட்டால் தலையை ஆட்டி மறுக்கிறாள். வாசல் பெருக்கும் அம்மா கேட்டுச் சொன்னார்: வியாழக்கிழமை அவள் நாள் இல்லையாம். தங்கச்சி நாளாம்.

கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனேன். யாருக்கும் முன்னால் நிறுத்தவில்லை. தங்கைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். இரண்டு பேரும் ஒருவர் கிண்ணத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

அக்கா, நீ நின்றபோது உனக்கு எப்படி இருந்தது? யாரும் உன்னைக் கேட்டிருக்க மாட்டார்கள். நான் கேட்கிறேன்.

உன் தங்கை

ஜூலை 24

தங்கச்சிக்கு,

கடிதத்தை மருத்துவமனைப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். முதல் வரியிலேயே தெம்பு வந்துவிட்டது, மீதியை நிதானமாகப் படித்தேன். வார்டுப் பெண்கள் வந்து, "என்ன சிஸ்டர், கெட்ட செய்தியா?" என்று கேட்டார்கள். "இல்லடி, நல்ல செய்தி. அழுதா உனக்கென்ன?" என்று விரட்டினேன்.

போதகர் என் பக்கத்தைப் படித்தது பற்றி எனக்கு வருத்தமில்லை. அதைப் படித்து ஒரு விதி மாறியது என்றால் ஏழு வயதில் நான் நின்றதற்கு ஒரு பிரயோஜனம் உண்டு. அந்த அட்டையைக் கிழித்த அம்மாவை நாற்பது வருடமாக மனசுக்குள் திட்டிவந்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு அவளுக்கும் அண்டா போதாமல் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. மன்னித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். திட்டுவதை நிறுத்தியிருக்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில். உன்னைப் பார்த்தாலே என் வயிறு நிறைந்துவிட்டது என்று எழுத ஆசைதான். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அது பொய். பசித்தது. நீ வாயைக்கூடத் துடைக்காமல் ஓடிவருவாய். உன் மேல் பால் வாசனை அடிக்கும். அது மூக்கில் ஏறியதும் இன்னும் பசிக்கும். இருந்தும் மறுநாள் என் நாள் வந்தால், இன்றைக்கும் இவளையே அனுப்பலாமா என்று ஒரு நிமிடம் யோசிப்பேன். யோசித்துவிட்டு நானே போய்விடுவேன். அதற்காகவும் உன்னிடம் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இதையெல்லாம் யாரிடமும் சொன்னதில்லை. அத்தானிடம் நேற்றுதான் சொன்னேன். எழுந்து போய்ப் பால் காய்ச்சி, சர்க்கரை அள்ளிப் போட்டு, கலக்காமல் கொண்டுவந்து வைத்தார். எனக்குச் சர்க்கரை ஆகாது என்று தெரிந்தும்தான். குடித்துவிட்டேன்.

பெரியவளைத் தினமும் நீயே போய்க் கூட்டிவா. இரண்டு நாளில் பழகிவிடும் என்று நினைக்காதே. அவள் நாள் எது என்று கணக்குப் பார்ப்பதை நிறுத்த மாதக்கணக்கில் ஆகும். எனக்குத் தெரியும்.

சமையல் அண்ணனிடம் என் வணக்கத்தைச் சொல். கஞ்சியில் தண்ணீர் விடாதவர் நல்ல மனிதர்.

இரண்டு பேருடைய எடையையும் வாரம் தவறாமல் எழுதி அனுப்பு. ஒரே வரியில் எழுதாதே, தனித்தனியாக எழுது. கடிதத்தைப் பிரித்ததும் முதலில் பெரியவளுடையதைத்தான் பார்ப்பேன்.

அக்கா